வயதுவந்தோரிடம் சிறுநீர் அடக்க இயலாமை

சிறுநீர் அடக்க இயலாமை என்பது, ஒருவர் விரும்பாத நேரத்தில் தம் கட்டுப்பாட்டை மீறிச் சிறுநீர் வெளியேறுவதைக் குறிக்கும். தும்மும்போது சில துளிகள் கசிவது முதல், கழிப்பறையை அடையும் முன்பே ஆடை முழுவதும் நனைந்துபோவது வரை எல்லாம் இதில் அடங்கும். பேச்சுவழக்கில் 'இருமினால் நீர் இறங்குகிறது', 'அவசரம் வந்தால் தாங்க முடியவில்லை' என்று சொல்லப்படுவது இதுவே.

இது தனியொரு நோயன்று, ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோலக் கசிவுக்கும் பல காரணங்கள் உண்டு. ஒரு வகைக்கு நன்மை செய்யும் மருந்து மற்றொரு வகைக்குத் தீங்கு செய்யக்கூடும். ஆகவே, 'எந்த வகைக் கசிவு?' என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. வயதானால் இப்படித்தான் என்று ஒதுக்கிவிடுவது சரியன்று. வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் முதுமையின் இயல்பான பகுதியாக இதை மருத்துவம் கருதுவதில்லை. பெரும்பாலோருக்குச் சிகிச்சையால் முழுமையாகவோ ஓரளவோ குணம் கிடைக்கிறது.

சிறுநீர் அடங்கியிருப்பது எப்படி?

சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1 முதல் 2 லிட்டர் சிறுநீரை உருவாக்குகின்றன. அது இரண்டு சிறுநீர் நாளங்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. வயதுவந்தவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லி வரை கொள்ளும். 150 முதல் 250 மில்லி சேர்ந்ததுமே முதல் உணர்வு தோன்றும். அதன்பிறகும் நெடுநேரம் அடக்க இயலும்.

சிறுநீர்ப்பையைச் சுருங்கக்கூடிய சுவர் கொண்ட ஒரு தொட்டி என்று கொள்ளலாம். அதன் அடியிலுள்ள குழாயே சிறுநீர்ப் புறவழி. குழாயின் வாயை மூடிவைக்கச் சுருக்குத்தசைகள் உள்ளன. குழாயைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து முதுகெலும்பின் வால்பகுதி வரை ஊஞ்சல்போல் விரிந்துள்ள இடுப்புத்தளத் தசைகள் உள்ளன. தொட்டி நிரம்பும்வரை சுவர் தளர்ந்தும் வாய் இறுகியும் இருக்க வேண்டும். காலி செய்யும்போது சுவர் சுருங்கி, வாய் தளர வேண்டும்.

இந்த ஒத்திசைவை நடத்துவது நரம்பு மண்டலம். கைக்குழந்தைக்குத் தொட்டி நிரம்பியதும் தானாகவே காலியாகிவிடும். வளர வளர, மூளையின் முன்பகுதி 'இப்போது வேண்டாம்' என்று தடுக்கக் கற்றுக்கொள்கிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், மறதி நோய் போன்றவற்றில் இந்தத் தடை தளர்ந்துபோவதால் கசிவு தோன்றுகிறது. தொட்டியின் சுவர், குழாயின் வாய், தாங்கும் தசை, நரம்பு ஆகிய நான்கில் எதில் பழுது என்பதைப் பொறுத்தே கசிவின் வகை அமைகிறது.

வகைகள்

அழுத்தக் கசிவு: இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல், படியேறுதல் ஆகியவற்றின்போது வயிற்றுக்குள் அழுத்தம் திடீரெனக் கூடும். தாங்கும் தசையோ சுருக்குத்தசையோ தளர்ந்திருந்தால் அந்த நொடியில் சிறிதளவு சிறுநீர் கசியும். அழுத்தம் என்பது இங்கு மன அழுத்தத்தைக் குறிப்பதன்று. பெண்களிடம் இது மிகுதி. கருவுறுதல், பிறப்புறுப்பு வழியான பிரசவம், மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைதல், உடற்பருமன், நாட்பட்ட இருமல், நாட்பட்ட மலச்சிக்கல் ஆகியவை காரணங்கள். ஆண்களிடம் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பியை அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பின் காணப்படுகிறது.

அவசரக் கசிவு: தொட்டி நிரம்பும் முன்பே சுவர் தானாகச் சுருங்கிவிடும் நிலை இது. திடீரென அடக்க முடியாத உந்துதல் வரும். கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடும். வீட்டுப் பூட்டில் சாவியைப் போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் ஓசையைக் கேட்கும்போது உந்துதல் கூடுவதைப் பலர் கூறுவர். பகலில் அடிக்கடி செல்வதும், இரவில் பலமுறை எழுவதும் உடன்வரும். பலருக்குத் தெளிவான காரணம் புலப்படாது. சிலருக்கு நரம்பு நோயோ சிறுநீர்ப்பையில் கல்லோ காரணமாக இருக்கும்.

கலப்பு வகை: மேற்கண்ட இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது. நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. இரண்டில் எது அதிகத் தொல்லை தருகிறதோ அதற்கு முதலில் சிகிச்சை தொடங்குவர்.

நிரம்பி வழிதல்: தொட்டி ஒருபோதும் முழுமையாகக் காலியாவதில்லை. எப்போதும் நிரம்பியே இருப்பதால் சிறிது சிறிதாக வழிந்துகொண்டிருக்கும். ஆண்களிடம் புரோஸ்டேட் வீக்கம் குழாயை நெருக்குவது முதன்மைக் காரணம். நீண்டகாலச் சர்க்கரை நோயால் சிறுநீர்ப்பை நரம்புகள் பழுதுபடுவதும் காரணமாகும். அப்போது நிரம்பிய உணர்வே தெரியாது. முக்கித்தான் கழிக்க முடிவது, ஓட்டம் மெலிந்து விட்டுவிட்டு வருவது, கழித்த பின்னும் மீதம் இருப்பதுபோல் தோன்றுவது ஆகியவை அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் தேங்கிய சிறுநீரின் அழுத்தம் சிறுநீரகங்களையே பாதிக்கும்.

செயல்தடைக் கசிவு: சிறுநீர்ப்பையில் பழுது இல்லாமலேயே கசிவு நேரலாம். முழங்கால் வலியால் விரைந்து எழ முடியாதவர், கண்பார்வை மங்கியவர், இரவில் கொல்லைப்புறக் கழிப்பறைக்கு இருட்டில் நடக்க வேண்டியவர், மறதி நோயால் கழிப்பறை எங்கே என்று தெரியாதவர் ஆகியோர் இந்த வகையினர். இங்கு மருந்தைவிட வீட்டு அமைப்பை மாற்றுவதே சிறந்த சிகிச்சை.

தொடர் கசிவு: இரவு பகல் எந்நேரமும் ஓயாமல் கசிந்துகொண்டே இருந்தால், சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். தடைப்பட்டு நீண்ட பிரசவமும், கருப்பை அறுவை சிகிச்சையின்போது நேரும் காயமும் இதற்குக் காரணங்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் இத்தகைய பெண்களுக்கென்றே 1974-ல் கேத்தரின் ஹாம்லின், ரெஜினால்டு ஹாம்லின் என்ற மருத்துவத் தம்பதியர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினர். கசிவால் ஒதுக்கிவைக்கப்பட்ட பெண்கள் பலர் அங்கு அறுவை சிகிச்சையால் இயல்பு வாழ்வுக்குத் திரும்பினர்.

சரிசெய்யக்கூடிய காரணங்கள்

கசிவு அண்மையில்தான் தொடங்கியது என்றால், எளிதில் நீக்கக்கூடிய காரணம் ஏதேனும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிறுநீர்த் தொற்று: நீர்க்கடுப்புடன் அவசர உந்துதலும் கசிவும் தோன்றும். தொற்று நீங்கியதும் பெரும்பாலும் கசிவும் நின்றுவிடும்.

மலச்சிக்கல்: இறுகிய மலம் குடலில் தேங்கிச் சிறுநீர்ப்பையை நெருக்குகிறது. முதியோரிடம் இது அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் காரணம்.

கட்டுக்கடங்காத சர்க்கரை: இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது சிறுநீரின் அளவும் மிகும். சில சர்க்கரை மாத்திரைகள், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் விதத்தில் வேலை செய்வதால் சிறுநீரின் அளவைக் கூட்டுகின்றன.

மாதவிடாய் நின்றபின் வறட்சி: பிறப்புறுப்புத் திசு மெலிந்து வறண்டு, எரிச்சலும் அவசர உணர்வும் தரும். மருத்துவர் பரிந்துரைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பலருக்குப் பயன்படுகிறது.

பிற நோய்களுக்கான மருந்துகள்: இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும் 'நீர் மாத்திரை' சிறுநீரைக் கூட்டும். பிரசோசின் வகை இரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்துவதால் பெண்களிடம் அழுத்தக் கசிவைத் தூண்டலாம். எனாலப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். இருமல் கசிவாக முடியும். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், புரோஸ்டேட் வீக்கமுள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது. சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டினால், தேவையானால் அவர் மாற்றித் தருவார். வேளையை மாற்றுவதே போதுமாகவும் இருக்கலாம்.

தண்ணீரைக் குறைப்பது தீர்வாகுமா?

கசிவுக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது பரவலான பழக்கம். வெளியூர்ப் பேருந்துப் பயணம், திருமணம், கோயில் திருவிழா என்றால் காலையிலிருந்தே தண்ணீரைத் தவிர்க்கும் பெண்கள் பலர். சுத்தமான கழிப்பறை இல்லாத இடங்களில் நாள் முழுவதும் பணியாற்றுவோரும் இவ்வாறே செய்கின்றனர்.

இது பயன் தருவதைவிடத் தீங்கே அதிகம் தருகிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், தொற்றுக்கும் கல்லுக்கும் வாய்ப்புக் கூடும், மலச்சிக்கல் ஏற்படும். இவற்றில் பலவும் கசிவையே வளர்ப்பவை. கோடையில் முதியவர்களுக்கு நீரிழப்பு மயக்கம் வரை கொண்டுபோகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்குமளவு தண்ணீரைப் பகல் முழுவதும் பிரித்துக் குடிப்பதும், படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைத்துக்கொள்வதும் நல்ல முறை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். காபி, தேநீர், குளிர்பானம், மது ஆகியவற்றைக் குறைத்தால் அவசர உந்துதல் பலருக்குக் குறைகிறது.

'எதற்கும் ஒருமுறை போய்விட்டு வருவோம்' என்று அரைமணிக்கொரு முறை கழிப்பறைக்குச் செல்வதும் நல்லதன்று. சிறிதளவு சேர்ந்தாலே அவசரம் காட்டும்படி சிறுநீர்ப்பை பழகிவிடும்.

கண்டறிதல்

மருத்துவருக்கு மிகவும் உதவும் கருவி விலையுயர்ந்த ஸ்கேன் அன்று. ஒரு நோட்டும், அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும்தான். குறைந்தது 3 நாட்களுக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு சிறுநீர் கழித்தோம், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம் என்று குறித்துவர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒருவரின் குறிப்பில் மணிக்கொரு முறை 80, 100 மில்லி என்றே இருந்து, கசிவுக்கு முன் அவசரம் வந்ததாகவும் இருந்தால் அது அவசரக் கசிவை நோக்கிக் கைகாட்டும். மற்றொருவர் ஒவ்வொரு முறையும் 300 மில்லி கழிக்கிறார், ஆனால் துணி பிழியும்போதும் இருமும்போதும் மட்டும் கசிகிறது என்றால் அது அழுத்தக் கசிவு. மூன்றாமவர் பகலில் இயல்பாக இருந்து, இரவில் மட்டும் பெருமளவு கழிக்கிறார் என்றால் கால் வீக்கம், இதய நோய், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை போன்றவற்றைத் தேட வேண்டும்.

இத்துடன் சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தச் சர்க்கரை, வயிறு மற்றும் இடுப்புப் பரிசோதனை, இருமச் செய்து பார்த்தல் ஆகியவை நடைபெறும். கழித்தபின் எவ்வளவு சிறுநீர் மீதமுள்ளது என்பதை அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் மூலம் வலியின்றி அறியலாம். இது முக்கியமானது. நிரம்பி வழியும் கசிவை அவசரக் கசிவு என்று தவறாக எண்ணிச் சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் மாத்திரையைத் தந்துவிட்டால், சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளக்கூடும். பக்கத்து வீட்டாருக்குக் குணமான மாத்திரையை வாங்கிச் சாப்பிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. அறுவை சிகிச்சைக்கு முன்னும், நோய் தெளிவாகாதபோதும் செய்யப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் வெளியிட்ட கட்டுரையால் இது பரவலாக அறிமுகமாயிற்று, இன்றும் கெகல் பயிற்சி என்றே வழங்குகிறது. அழுத்தக் கசிவுக்கும் கலப்பு வகைக்கும் இதுவே முதல் சிகிச்சை. ஆண்களும் செய்யலாம்.

காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுற்றியுள்ள தசையை உள்நோக்கி மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. 5 எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்தவும். பழகப் பழக 10 வரை கூட்டலாம். ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் தொடர வேண்டும். இரண்டு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடுவதே பலர் தோற்பதற்குக் காரணம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யும் பழக்கம் வேண்டாம். அது முழுமையாகக் காலியாவதைக் கெடுக்கும். தும்மல் வருவது தெரிந்ததும், பாரம் தூக்கும் முன்பும் இத்தசையை இறுக்கிக்கொள்வது உடனடிப் பயன் தரும். சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்ற ஐயமிருந்தால் இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியலாம்.

சிறுநீர்ப்பைப் பயிற்சி: அவசரக் கசிவுக்கு உரியது. இப்போது ஒரு மணிக்கொரு முறை செல்பவர், முதலில் ஒன்றேகால் மணி நேரம் தள்ளிப்போடப் பழக வேண்டும். அது எளிதானதும் மேலும் 15 நிமிடம் கூட்டி, இரண்டரை முதல் 3 மணி நேர இடைவெளியை எட்டலாம். உந்துதல் வந்தவுடன் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று அல்லது உட்கார்ந்து, இடுப்புத்தளத் தசையை ஐந்தாறு முறை வேகமாக இறுக்கித் தளர்த்தி, உந்துதல் தணிந்தபின் மெல்ல நடந்து செல்ல வேண்டும். அலைபோல எழும் உந்துதல் அலைபோலவே இறங்கும். குறைந்தது 6 வாரம் தொடர வேண்டிய பயிற்சி இது.

எடைக் குறைப்பு: பருமனான பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், உடலெடையில் சராசரியாக 8 விழுக்காடு குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவு 47 விழுக்காடு குறைந்தது, உடல்நலக் கல்வி மட்டும் பெற்றவர்களுக்கு 28 விழுக்காடே குறைந்தது.

மருந்துகள்: அவசரக் கசிவுக்கு ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை தரப்படுகின்றன. வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரலாம். முதியோருக்குச் சில மருந்துகள் மனக்குழப்பத்தைக் கூட்டும். மிராபெக்ரான் வேறு வழியில் செயல்படுவது. அதை எடுப்பவர்கள் இரத்த அழுத்தத்தைக் கவனித்துவர வேண்டும். மருந்தால் பயனில்லையெனில் சிறுநீர்ப்பைச் சுவரில் போட்டாக்ஸ் ஊசி செலுத்துவதும், முதுகின் கீழ்ப்பகுதி நரம்பைத் தூண்டும் கருவி பொருத்துவதும் உண்டு. புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரைகளும், தேவையானால் அறுவை சிகிச்சையும் உள்ளன.

அறுவை சிகிச்சை: பயிற்சியால் குணமாகாத அழுத்தக் கசிவுக்குச் சிறுநீர்ப் புறவழியின் கீழ் ஒரு பட்டையைத் தாங்கலாக வைப்பர். செயற்கை வலைப்பட்டையால் சில பெண்களுக்குக் கடும் வலி போன்ற பாதிப்புகள் ஏற்பட்டதால், இங்கிலாந்தில் 2018-ல் அதன் பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. நோயாளியின் சொந்தத் திசுவையே பட்டையாகப் பயன்படுத்தும் முறையும் உண்டு. இரண்டின் நன்மை தீமைகளையும் கேட்டறிந்த பிறகே முடிவெடுக்க வேண்டும். புரோஸ்டேட் அறுவைக்குப் பின் நீங்காத கசிவுள்ள ஆண்களுக்குச் செயற்கைச் சுருக்குத்தசை பொருத்தப்படுகிறது.

வீட்டில் முதியவர் இருந்தால்

இரவில் கழிப்பறைக்கு விரையும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவது கசிவின் பெரிய ஆபத்துகளுள் ஒன்று. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை மங்கலான விளக்கு, சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை ஆகியவை தேவை. முழங்கால் வலியுள்ளவருக்கு உட்காரும் வகைக் கழிப்பறையோ, கட்டிலருகே கமோடு நாற்காலியோ உதவும். முடிச்சு நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த உடை சில நொடிகளை மிச்சப்படுத்தும். அந்தச் சில நொடிகளே சில நேரம் போதும். கால் வீக்கமுள்ளவர் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்திருந்தால் இரவில் எழுவது குறையலாம். மறதி நோயுள்ளவரை இரண்டு மூன்று மணிக்கொரு முறை நாமே அழைத்துச் செல்லலாம்.

டயப்பர் பயன்படுத்தினால் நனைந்ததும் மாற்றி, தோலைக் கழுவி, ஈரம் ஒற்றி உலர்த்த வேண்டும். ஈரத்திலேயே கிடந்தால் தோல் வெந்து படுக்கைப்புண் உண்டாகும். பராமரிப்பவரின் வசதிக்காக மட்டும் நிரந்தரமாகச் சிறுநீர்க்குழாய் பொருத்திவைப்பது தொற்றை வரவழைக்கும்.

எப்போது உடனே மருத்துவரை நாட வேண்டும்?

* சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும்
* வயிறு உப்பி, சிறுநீர் சிறிதும் கழிக்க முடியாமல் போனால்
* திடீர்க் கசிவுடன் கால் பலவீனமும், தொடையிடுக்கு மற்றும் ஆசனவாய்ப் பகுதியில் மரத்துப்போதலும் தோன்றினால்
* குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி ஆகியவற்றுடன் நீர்க்கடுப்பு இருந்தால்
* முதியவருக்குத் திடீரென மனக்குழப்பமும் கசிவும் சேர்ந்து வந்தால்

இரண்டாவதும் மூன்றாவதும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அவசர நிலைகள்.

வெட்கமும் மௌனமும்

கசிவு உயிரைப் பறிக்கும் நோயன்று. ஆனால் வாழ்வைச் சுருக்கிவிடும். வாடை வருமோ என்ற அச்சத்தில் பேரக்குழந்தையை மடியில் வைக்கத் தயங்குவோர், உறவினர் வீட்டில் இரவு தங்காதோர், கூட்டத்தில் கடைசி இருக்கையைத் தேடுவோர் நம் குடும்பங்களிலும் இருக்கக்கூடும். மகனிடம் சொல்ல முடியாது, மருமகளிடம் சொல்லக் கூச்சம், ஆண் மருத்துவரிடம் வாய் வராது என்று ஆண்டுக்கணக்கில் பழந்துணியை மடித்து வைத்துக் காலந்தள்ளும் பெண்கள் பலர். பெண்களிடம் இது ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. ஆண்களும் தமக்கு இருப்பதை எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

தொடங்குவதற்குப் பெரிய மருத்துவமனை தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர், சர்க்கரைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு தேடி வரும் பெண் பணியாளரிடம் இதைச் சொல்லலாம். இயன்முறைச் சிகிச்சையும் அத்திட்டத்தில் உண்டு. பெண்கள் மகப்பேறு மருத்துவரையும், ஆண்கள் சிறுநீரியல் மருத்துவரையும், பல நோய்களுள்ள முதியவர்கள் முதியோர் நல மருத்துவரையும் அணுகலாம். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே மருத்துவர் வ. செ. நடராசன் முதியோருக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024 முதல் தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்கிவருகிறது.

மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள், 3 நாள் குறிப்பு எழுதிய நோட்டை மேசைமீது வைத்தால் போதும். எந்த வகைக் கசிவு என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த நோட்டிலேயே இருக்கும்.